ஒன்பது அடி முகப்பு

புதுதில்லி,
8-1-1971

அன்புள்ள அக்காவுக்கு,

காந்தா எழுதுகிறேன். இங்கே குளிரில் பேனா பிடிக்க விரல் மடங்குவதில்லை, மற்றபடி சௌக்கியம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? தாமலில் அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றியதா? பொங்கலுக்கு வர முடியவில்லை. அதற்கான காரணம் தனிப் பார்சலில் வருகிறது.

செவிலிமேடு சாலை வாசகசாலையின் முழுப் பிளான் அதில் இருக்கிறது. பதினாறு தாள்கள். இந்த மூன்று வருஷமாக ஆபீசில் நான் வரைந்ததெல்லாம் பெரியவர்கள் பெயரில்தான் வெளியே போனது. தாளின் ஓரத்தில் ‘ஆர்க்கிடெக்ட்: ஏ. காந்தா’ என்று எழுதியது இதுவே முதல் தடவை. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை.

ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். வாசலில் முன்பு இரண்டு தூண் காட்டியிருந்தேன் அல்லவா, கடைசி வாரத்தில் எடுத்துவிட்டேன். தூண் இருந்தால் ரேஷன் கடை மாதிரி இருக்கிறது. இப்போது வாசலுக்கு மேலே கான்கிரீட் முகப்புத் தளம் சுவரிலிருந்து ஒன்பது அடி, கீழே எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டி நிற்கும். தறியை விட்டு எழுந்து வருகிறவர்கள் அந்த நிழலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே உள்ளே நடக்கலாம். “ஒரு பெண் போட்ட பிளான் நிற்குமா என்று குழுவில் கேட்கிறார்கள்” என்று வாசகசாலைக் குழுத் தலைவர் கலியாணசுந்தரம் எழுதியிருந்தார். கட்டி முடித்ததும் வந்து பார்க்கட்டும்.

மாமா மேற்பார்வை பார்ப்பதால் நான் இங்கே கவலையில்லாமல் இருக்கிறேன். நாற்காலி, மேஜைத் தாள்களைத் தச்சர் ஜான் பாஷாவிடம் கொடு. பூவரசு மரம். உட்காரும் இடத்தில் பலகை வேண்டாம், பருத்தி நாடாப் பின்னல். முதலில் ஒன்று மட்டும் செய்யச் சொல்லி, நாலு பேரை உட்காரவைத்துப் பார்த்து எனக்கு எழுது.

மாமாவுக்கு வணக்கம்.

உன் தங்கை,
காந்தா


செவிலிமேடு,
17-2-1971

அன்புத் தங்கை காந்தாவுக்கு,

ரேணுகா எழுதுவது. நாங்கள் நலம். அப்பா இப்போது ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருகிறார். உனக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? தலைக்குக் குளித்தால் உடனே துவட்டு.

அஸ்திவாரம் முடிந்து சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. தேர்தல் சந்தடியில் சிமென்ட் வர இரண்டு வாரம் தாமதம். உன் மாமா காலையில் சைக்கிளை எடுத்தால் பொழுது சாயத்தான் வீடு. யாராவது பிளானைப் பார்க்க வந்தால் கை கழுவிவிட்டுத்தான் தொடவேண்டும் என்கிறார்.

ஜான் பாஷா ஒரு நாற்காலி செய்து கொண்டுவந்தார். பார்க்க லட்சணமாக இருக்கிறது. குழுவில் இருக்கிற நெசவாளி குமாரவேல் உட்கார்ந்து பார்த்தார். நல்ல குள்ளம் அவர். “நாளெல்லாம் தறிக் குழியில காலத் தொங்கப் போட்டுக்கினு இருக்குறோம். படிக்க வந்த எடத்துலயும் தொங்கணுமாமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் கால் தரையில் படவில்லை.

உன் மாமா ஒன்று கேட்கச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “முகப்புத் தளத்துல கம்பி எல்லாம் அடியில காட்டியிருக்குது. முன்னால தாங்கல் இல்லாம நீட்டினா கம்பி மேல இல்ல வரணும்? தாங்கல் இருந்தாத்தான் அடியில. எதுக்கும் காந்தாவ ஒரு வார்த்த கேட்டு எழுதுமா.” எனக்கு இது ஒன்றும் புரியவில்லை. நீ பதில் எழுது.

அன்புடன் அக்கா,
ரேணுகாம்பாள்


புதுதில்லி,
2-3-1971

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. எல்லோரும் நலம் என்று அறிந்து நிம்மதி. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

குமாரவேல் சொன்னதைப் படித்து வெட்கப்பட்டேன். நான் தில்லிக்காரர்களை உட்காரவைத்து அளவெடுத்திருக்கிறேன். குழித்தறியில் நெய்கிறவர் முன்பக்கம் குனிந்தே இருக்கிறார், அவருக்குத் தேய்வது இடுப்பு. அதனால் உயரத்தை இரண்டு அங்குலம் குறைத்து, முன் விளிம்பை உருட்டி, முதுகுப் பலகையை இடுப்புக்கு நேரே இறக்கியிருக்கிறேன். மூன்று தாள் புதிதாக வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். குமாரவேலை மறுபடி உட்காரவைத்து, காலுக்கடியில் காகிதம் நுழைகிறதா என்று பார்க்கச் சொல். மேஜை உயரமும் அதற்குத் தகுந்தாற்போல் மாறும். ஜான் பாஷாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நாடாவை இழுத்துப் பின்னச் சொல், ஒரு வருஷத்தில் தொய்ந்துவிடும்.

மாமா கேட்டதற்கு: பிளானில் உள்ளபடியே போடட்டும். ஒரு அங்குலமும் மாற்ற வேண்டாம். இது பழைய முறைக் கட்டடம் இல்லை என்று சொல்.

ஒரு சந்தோஷ சமாச்சாரம். பம்பாயிலிருந்து வரும் கட்டடக்கலைப் பத்திரிகை ஒன்று திறப்பு விழாவுக்குப் புகைப்படக்காரரை அனுப்பச் சம்மதித்திருக்கிறது. அது வெளிவந்தால் ராஜஸ்தானில் ஒரு ஜில்லா நூலகத்தை எனக்கே தருவதாக எங்கள் ஆபீஸ் பெரியவர் சொல்லியிருக்கிறார்.

உன்,
காந்தா


செவிலிமேடு,
20-4-1971

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம், உன் சுகம் எழுது. வெயில் இப்போதே தாங்கவில்லை.

இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி முகப்புத் தளத்துக்குக் கலவை போட்டார்கள். விடிந்ததிலிருந்து ஒரே மூச்சாக வேலை. உன் மாமா சாரத்தை விட்டு இறங்கவே இல்லை. கொண்டுபோன சோறு அப்படியே திரும்பி வந்தது. வெயிலாக இருக்கும்.

இனி இருபத்தெட்டு நாள் தண்ணீர் கட்டி ஊறவிட்டு, அதற்குப் பிறகுதான் கீழே கொடுத்திருக்கிற சவுக்கு முட்டுகளை எடுப்பார்களாம். நாற்காலி முப்பது ஆகிவிட்டது. குமாரவேலுக்குக் கால் தரையில் படுகிறது. அவர் எழுந்திருக்க மனமில்லாமல் அரை மணி உட்கார்ந்திருந்தார்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா,
ரேணுகாம்பாள்


புதுதில்லி,
21-5-1971

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு கார்டு கூட இல்லை. உடம்புக்கு ஏதாவதா?

கட்டட விஷயம் எனக்குத் தலைவர் எழுதித்தான் தெரிகிறது. ஜூன் 13 திறப்பு விழா. இருபத்தெட்டு நாள் முடிந்து பல நாள் ஆகியும் மாமா முட்டுகளைப் பிரிக்க விடவில்லையாம். ‘உங்கள் உறவினர் பிடிவாதம் செய்கிறார், காரணம் கேட்டால் சரியாகச் சொல்வதில்லை’ என்று எழுதியிருக்கிறார். இதைப் படிக்க எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல். என் பிளானை என் வீட்டு மனிதரே நம்பவில்லை என்றால் குழுவில் இருக்கிறவர்கள் என்ன பேசுவார்கள்?

மாமாவிடம் எனக்கு மரியாதை குறையவில்லை. இருபது வருஷம் அவர் கட்டியது ஓட்டு வீடும், செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸும். அந்தக் கண்ணோடு இதைப் பார்க்கிறார். முட்டுகளை எடுக்கலாம் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தலைவருக்கு எழுதிவிட்டேன். மாமா தப்பாக நினைக்க வேண்டாம் என்று நீ பக்குவமாகச் சொல்.

உடனே பதில் எழுது.

காந்தா


செவிலிமேடு,
27-5-1971

காந்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. நாற்காலி நாற்பதும் முடிந்தது, பாலிஷ் பாக்கி. உன் மாமா இப்போது அந்த வேலையில் இல்லை. காலையில் வழக்கம்போல் கிளம்பிப் போகிறார், வருகிறார்.

நீ வேளைக்குச் சாப்பிடு.

ரேணுகாம்பாள்


காஞ்சிபுரம்,
29-5-1971

மகாராஜராஜஸ்ரீ காந்தா அம்மா அவர்கள் சமூகத்துக்கு, தச்சு ஜான் பாஷா சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நான், என் வீட்டார் அனைவரும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். தங்கள் சுகம் வேண்டுகிறேன்.

நாற்காலி நாற்பதில் முப்பத்தொன்பதுக்குப் பாலிஷ் போட்டாகிவிட்டது. பாக்கி ஒன்றுக்குப் போட வழியில்லை. அதில் தங்கள் மாமா அப்பாதுரை அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். இதைத் தங்களுக்குத் தெரிவிக்கலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

தங்கள் கடிதம் வந்த மறுநாள் தலைவர் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, முட்டுகளைப் பிரிக்க ஆள் அனுப்பினார். அண்ணன் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் முகப்புத் தளத்துக்கு அடியில், முட்டுகளுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆள் இருக்கும்போது எப்படிப் பிரிப்பது? ஐந்து நாளாகக் காலை ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்து, கூலி ஆட்கள் வேலை முடிந்து போன பிறகுதான் எழுந்திருக்கிறார். தலைவர் நேரில் வந்து கத்தினார். “என்னக் கொன்னுட்டு எடுத்துக்கங்க” என்று மட்டும் சொன்னார். போகிற வருகிறவர்கள், மச்சினி கட்டின கட்டடத்துக்கு வாட்ச்மேன் என்று கேலி பேசுகிறார்கள். தங்கள் அக்கா மத்தியானம் சோறு கொண்டுவந்து, அங்கேயே நின்று, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகிறார்.

நான் மரம் தெரிந்தவன், கான்கிரீட் தெரியாது. ஆனால் அண்ணன் சும்மா உட்காருகிற ஆள் இல்லை.

இப்படிக்குத் தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ஜான் பாஷா


புதுதில்லி,
4-6-1971

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவும் நீயும் நலமா? நேற்று நான் அனுப்பிய தந்தி இதற்குள் வந்திருக்கும். முட்டு எதையும் எடுக்க வேண்டாம் என்று தலைவருக்கும் ஒன்று அடித்திருக்கிறேன். மாமா இனி அங்கே உட்கார வேண்டியதில்லை. தயவுசெய்து வீட்டுக்கு அழைத்துப் போ.

எல்லாவற்றையும் மறுபடி யோசித்துப் பார்த்தேன். முன்ஜாக்கிரதையாக, முதலில் காட்டிய இரண்டு தூண்களைச் சேர்த்துவிடுவது பத்திரம் என்று தலைவருக்கு எழுதியிருக்கிறேன். இடத்தில் வேலை எப்படி நடந்தது என்று தில்லியிலிருந்து சொல்வதற்கில்லை அல்லவா. விழாவைத் தள்ளிவைக்க வேண்டிவரும். பரவாயில்லை.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

காந்தா


செவிலிமேடு,
10-6-1971

காந்தாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

உன் தந்தி வந்தபோது உனக்குக் கோயிலில் அர்ச்சனை செய்தேன். பிறகு நீ தலைவருக்கு எழுதியது வந்தது. அவர் அதைக் குழுவில் படித்தார். ‘இடத்தில் வேலை எப்படி நடந்தது என்று சொல்வதற்கில்லை’ என்று அதிலும் எழுதியிருக்கிறாய். படித்து முடித்தவுடன், “பிளான் சரி, கலவையிலதான் கோளாறு, அத மறைக்கத்தான் அந்த ஆளு கீழ உக்காந்துக்கினு இருந்தான்” என்று தீர்மானித்துவிட்டார்கள். இரண்டு நாளில் ஊர் முழுக்கப் பரவியது. ஒப்புக்கொண்டிருந்த வேறொரு வீட்டு வேலைக்கும் உன் மாமாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதுவரை உனக்கு எழுதாததை எழுதுகிறேன். மே பத்தாம் தேதி அவர் வெளி ஓரத்து முட்டு ஒன்றை மட்டும் தளர்த்திப் பார்த்தார். தளத்தின் மேல்பக்கம், சுவரை ஒட்டி ஒரு விரிசல் ஓடியது. தலைமயிர் கனம். உடனே தளர்த்தியதை மறுபடி இறுக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? “அவ படிச்சவ. கணக்குப் போடாம இருப்பாளா? நம்ம கலவைலதான் தப்போ என்னவோ.” மறுநாள் போய் மீந்திருந்த கலவைக் கட்டியைச் சுத்தியால் உடைத்து உடைத்துப் பார்த்தார். நல்ல கெட்டியாக இருந்தது. உனக்கு எழுதட்டுமா என்றேன். “வேணா. மொத மொதல்ல அவ பேரு வெளிய வருது. வெரிசல்னு ஊருக்குத் தெரிஞ்சா பொம்பள கட்டினதுன்னுதான் பேசுவாங்க. முட்டு இருக்குற வரைக்கும் ஒண்ணும் ஆவாது” என்றார். விரிசலைத் தலைவரிடம் மட்டும் சொன்னார். விழா தள்ளிப்போகும் என்றோ என்னவோ, தலைவர் உன்னிடம் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

நானும் வாயை மூடிக்கொண்டேன். தப்பு உன்னுடையதா அவருடையதா என்று தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். எது தெரிந்தாலும் எனக்கு ஒரு பக்கம் போய்விடும் அல்லவா.

கம்பியைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்டார். நாற்காலிக்கு மூன்று தாள் வரைந்த நீ, அதற்கு மூன்று வரி எழுதினாய். இப்போது கேட்கிறேன், அவருக்காக இல்லை, எனக்காக. கம்பி மேலே வரவேண்டுமா, கீழே வரவேண்டுமா? ஒரு வார்த்தை எழுது.

ரேணுகாம்பாள்


புதுதில்லி,
15-6-1971

அக்காவுக்கு,

மேலே.

ஜான் பாஷாவின் கடிதம் ஜூன் இரண்டாம் தேதி வந்தது. மறுநாள் காலை ஆபீசில் கம்பிக் கட்டுத் தாளை எடுத்து விரித்தேன். அது தூண் இருந்தபோது வரைந்தது. தூணை நான் முகப்புத் தாளில் அழித்தேன். கம்பித் தாளில் கை வைக்கவே இல்லை. மாமா கேட்ட அன்று அந்தத் தாளைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நான் திறக்கவில்லை. கேட்டது மாமா என்பதால் திறக்கவில்லை.

தெரிந்த பிறகும் ‘முன்ஜாக்கிரதை’ என்று எழுதினேன். வேலை எப்படி நடந்ததோ என்று எழுதியபோது அது யார் தலையில் போய் விழும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

இத்துடன் குழுவுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. தவறு முழுக்க ஆர்க்கிடெக்டுடையது, மேற்பார்வையாளர் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டார், ஆர்க்கிடெக்ட் பார்க்காமல் பதில் சொன்னார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தலைவருக்குத் தபாலில் அனுப்பினால் அவர் மேஜையிலேயே தங்கிவிடலாம். நீ எடுத்துப் போய்க் குழுவில் எல்லோர் முன்னாலும் கொடு.

ஆபீஸ் பெரியவரிடமும் சொல்லிவிட்டேன். பத்திரிகைக்காரரை வரவேண்டாம் என்று எழுதியாயிற்று. ராஜஸ்தான் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. மற்றவர்கள் வரைந்ததைப் பிரதி எடுக்கும் மேஜைக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள். இதை நீ இரக்கப்பட எழுதவில்லை. மறைத்தேன் என்று நாளைக்கு நீ சொல்லக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

மாமாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

காந்தா


செவிலிமேடு,
28-6-1971

காந்தாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்?

இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. உன் மாமா வர மறுத்துவிட்டார். நான் தனியாகப் போனேன். கடிதத்தைத் தலைவர் கையில் கொடுத்தால் மடித்துவிடுவார் என்று தோன்றியதால், நின்றபடியே நானே படித்தேன். எதிரே பதினோரு ஆண்கள். ஒரு வரி விடாமல் படித்தேன்.

தலைவர், “வூட்டு விஷயத்த வூட்டோட வெச்சிக்கக் கூடாதாமா?” என்றார்.

“இது வூட்டு விஷயம் இல்லீங்க. அதுக்கு அடியில நிக்கப்போறது ஊரு ஜனம்” என்றேன்.

பின்னாலிருந்து ஒருவர், “பொம்பளகிட்ட குடுத்தா இப்படித்தான்” என்றார். அதற்குக் குமாரவேல் திரும்பி, “தப்பு என்னுதுன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பின ஆம்பள ஒருத்தனக் காட்டுயா, பாக்கலாம்” என்றார். தளத்தை இறக்கிவிடுவது என்று அன்றே தீர்மானித்தார்கள்.

இருபத்துநாலாம் தேதி தளத்தை இறக்கினார்கள். சாலையில் கயிறு கட்டி ஜனத்தை அந்தப் பக்கம் நிறுத்தி, முட்டுகளுக்கு நீளக் கயிறு கட்டித் தூரத்திலிருந்து இழுத்தார்கள். எப்படிச் செய்யவேண்டும் என்று சொல்ல உன் மாமாவையே கூப்பிட்டிருந்தார்கள். முன்வரிசை முட்டுகள் விழுந்தன. தளம் நின்றது. “நின்னுடுச்சேபா” என்று யாரோ சொன்னார்கள். நின்றுவிட்டால் இவர் பொய்யராகிவிடுவார். இரண்டாவது வரிசையை இழுத்தார்கள். சுவர் ஓரத்தில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். முன்பக்கம் அப்படியே மடங்கி வந்து விழுந்தது. புழுதி அடங்கியபோது, அவர் பதினோரு நாள் உட்கார்ந்திருந்த இடத்தில் என் இடுப்பு உயரத்துக்குக் கான்கிரீட் கிடந்தது. விழா அன்று அங்கேதான் பந்தலும் நாற்காலியும் போடுவதாக இருந்தார்கள்.

கலியாணசுந்தரம் அந்தக் குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு உன் மாமா பக்கம் வந்து, “வேல எப்ப ஆரம்பிக்கிற அப்பாதுர?” என்றார். “பிளான் வரட்டும்” என்றார் இவர்.

உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டு நான் பட்டது போதும்.

அக்கா,
ரேணுகாம்பாள்


செவிலிமேடு,
2-7-1971

காந்தாவுக்கு அப்பாதுரை ஆசீர்வாதம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இடிந்ததை வாரிக் கொட்டியாயிற்று. சுவருக்குச் சேதம் இல்லை. உன் கடிதம் படித்தார்கள். அதில் எல்லாம் உன் தப்பு என்று எழுதியது சரியில்லை. எனக்குச் சந்தேகம் இருந்தது, இருந்தும் கலவையைப் போட்டேன். அந்தப் பாதி என்னுடையது.

குழுவில் தூண் வைத்துக் கட்டச் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பதினோரு நாள் அடியில் உட்கார்ந்து பார்த்தவன் நான். சாலையிலிருந்து வாசல் வரை ஒன்றும் மறைக்கக் கூடாது. நீ நினைத்ததுதான் சரி. கம்பியை மேலே போட்டு, கணக்குத் தெரிந்த இஞ்சினியர் ஒருவரின் கையெழுத்தும் வாங்கிக்கொள். தபாலில் அனுப்பாதே. நீயே கொண்டு வா. கம்பி கட்டினதும் நீ சாரத்தில் ஏறி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் கலவை போடுவேன். எந்த ரயில், எந்தத் தேதி என்று எழுது.

ஸ்டேஷனுக்கு உன் அக்காவும் வருவாளாம். உன்னோடு பேசமாட்டாளாம். ஆனால் வருவாளாம்.

அப்பாதுரை